பூவராகம் பிள்ளையின் கானமயில்

நூற்று எண்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன வால் தெரிந்தது. தூசியென்று நினைத்துத் தையல்நாயகி சுண்டுவிரல் நகத்தால் தட்டிவிட்டாள், போகவில்லை. மணி பத்தரை. பாலக்கரையில் ஹமீது பாயின் அச்சகத்தில், வாசலுக்கும் மிஷினுக்கும் நடுவே கிடந்த மேஜையில், கடைசி பாரத்தின் புரூப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறே பக்கம். ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிளேட் போட்டுவிடுவார்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் ஓடிவிடும், நாளைச் சாயங்காலம் விழா. மற்றப் பதினோரு பாரமும் அடித்து, மடித்து, சுவரோரம் அவள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. அட்டைகூட வந்துவிட்டது. பச்சை நிறத்தில் பெரிய எழுத்தில் ‘கண்ணால் கொண்டவர்’ என்றும், அதற்குக் கீழே ‘ஸ்டேஷன் மாஸ்டர் பூவராகம் பிள்ளையின் குறிப்பேடுகள், 1896–1921’ என்றும் போட்டிருந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து மூன்று தடவை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாயிற்று. நான்காவது தடவை எடுத்தால் ஹமீது பாய் சிரிப்பார் என்று எடுக்காமல் இருந்தாள். என்ன பச்சை! போன மாசிமாதம் இடது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து நிறமெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வெள்ளைக் காகிதத்தில் லேசாக நீலம் ஓடுகிறது. இடது கண் புதுக் கண், வலது கண் பழைய கண். இரண்டு கண்ணுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷ வேலை. தன்னால் இது ஆயிற்று என்று நினைக்கும்போது பெருமை பொங்குகிறது. அதை அடக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. எதற்கு அடக்க வேண்டும்? முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளர் ஆபீசில் பழைய பத்திரங்களுக்கு நகல் எழுதினவள் அவள். கரையான் தின்றது, மழையில் ஊறினது, புள்ளியே வைக்காமல் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனது என்று எது வந்தாலும், “அந்தம்மா வரட்டும், அவங்க படிப்பாங்க” என்று வக்கீல்கள் பெஞ்சில் காத்துக்கிடப்பார்கள். ஒருமுறை ஒரு பத்திரத்தில் ‘கிணறு நீங்கலாக’ என்பதை ‘கிணறு நீங்காமல்’ என்று எதிர்க்கட்சி வக்கீல் வாசித்தபோது, கோர்ட்டிலேயே அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே தெரியுது” என்றார். அதற்கப்புறம் ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். அவள் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டாள்.

வால் அங்கேயே இருந்தது. அது இருந்த இடம் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் போட்டிருந்த இடம். “அவர் கையெழுத்து எப்படி இருக்கும்னு வாசகர் ஒரு பக்கமாவது பார்க்கணும்மா, அதுவும் கானமயில் பக்கத்தையே பார்க்கணும்” என்று பேராசிரியர் லூர்துநாதன்தான் சொன்னார். கானமயில் குறிப்புகளைத் தனிப் பகுதியாக நூலின் கடைசியில் வைத்திருந்தார்கள்; இடப்பக்கம் படம், வலப்பக்கம் அவள் வாசித்து எழுதிய அச்சு. லூர்துநாதன் விலங்கியல் பேராசிரியர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு அவளுடைய ஆவண அறைக்கு வந்து நின்றவர். ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட தாள் அது. அவள் நின்றுகொண்டே வாசித்தாள். ‘காலை 7-10 பாசஞ்சர் போன பின்பு லயனுக்குத் தெற்கே கானமயில் மூன்று. ஆண் ஒன்று, பெட்டை இரண்டு. ஆணுக்குக் கழுத்து வெள்ளை, தலை கறுப்பு. நடை, இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் நம்முடைய டி.டி.எஸ். துரையின் நடை.’ அவள் சிரித்துவிட்டாள். பேராசிரியர் சிரிக்கவில்லை, அவருக்குக் கண் கலங்கியது. “அம்மா, இந்தப் பறவை இப்ப இந்தப் பக்கமே கிடையாது. இருந்துச்சுங்கறதுக்கு ஒரு தமிழர் எழுதின சாட்சி இது” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. ஆறு குறிப்பேடுகள். பிள்ளையின் பேத்தி மங்களவல்லி அம்மாள் ஸ்ரீரங்கத்தில் அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தவை. ரிட்டயர் ஆனபிறகும் வாரத்தில் நான்கு நாள் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வாசித்தாள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் வைக்காத கை. புள்ளியே கிடையாது. துதிக்கை போட்ட பழைய லை, னை. ரயில் வந்துவிட்டால் பாதி வார்த்தையில் நின்றுபோகும் வாக்கியம்; ரயில் போனபின் அதே வார்த்தையின் மீதிப் பாதி. பென்சில்தான், எப்போதும் பென்சில். பிள்ளையின் மூச்சு எங்கே இழுக்கும் எங்கே விடும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். மனுஷன் மணப்பாறைப் பக்கத்து வறண்ட மேட்டில், ஒரு நாளைக்கு ஆறு வண்டி நிற்கிற சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு, இருபத்தைந்து வருஷம் இரண்டே இரண்டு காரியம் செய்தார். பறவை பார்த்தார், படம் சேர்த்தார்.

படம் சேர்த்தது இன்னொரு கூத்து. அந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் சேர்ப்பார்கள்? உடைந்த தேரின் மரப்பொம்மை, கீறல் விழுந்த கண்ணாடிப் படம், சாயம் போன துணிச்சித்திரம். எல்லாவற்றையும்விட அவருக்கு உயிர் காக்காப்பொன் படங்கள்தான். காக்காப்பொன் தகடு மெல்லிசு, கண்ணாடிமாதிரி மறுபுறம் தெரியும், தொட்டால் ஏடு ஏடாக உரியும். அதன்மேல் திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக வரைந்து தள்ளினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அலுத்ததும் அவை மூலையில் கிடந்தன, சில வீட்டில் விளக்குக்கு மறைப்பாக வைத்திருந்தார்கள். பிள்ளை அவற்றை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எங்கே கிடைத்தது, வரைந்தவன் கை எப்படிப்பட்டது, எந்த விரலை அவனுக்கு வரைய வராது என்பதுவரை எழுதிவைத்தார். அந்த எழுத்துகளை வாசிக்கும்போதெல்லாம் தையல்நாயகிக்கு அவர் தன் ஜாதி என்று தோன்றும்; பிறந்த ஜாதியைச் சொல்லவில்லை, பார்க்கிற ஜாதி. நாற்பத்தொன்றாம் எண் படம் கானமயில், இப்போதும் மங்களவல்லி அம்மாள் வீட்டு உள்ளறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. வரைந்தவன் பேர் தெரியாது. சிறகை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆண் பறவை. தூக்கின சிறகுக்கடியில், இறகு தோலில் முளைக்கிற இடத்தில், முடியளவுக்கு ஒரு ரோஜா நிறக் கோடு. அந்தக் கோடு பிள்ளையைப் பிடித்து ஆட்டியது. ‘இவன் பார்த்துப் போட்டானா, அழகுக்குப் போட்டானா? மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அந்த நிறம் தென்படவில்லை. இந்த ஒன்றில் பொய் சொல்லியிருந்தால் மற்ற எதையும் நான் எப்படி நம்புவது?’ இப்படி ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறார். அவள் எண்ணிவைத்திருக்கிறாள். அப்புறம்தான் அந்தக் குறிப்பு வருகிறது, 1911 மார்ச் நான்காம் தேதி. இப்போது இடப்பக்கம் படமாகவும் வலப்பக்கம் அச்சாகவும் அவள்முன் கிடக்கிற குறிப்பு. ‘காலை ஒன்பது மணிக்கு ஆண் கானமயிலைக் கொண்டேன். இறகின் அடியில் ரோஜா நிறம் உண்டு. படக்காரன் பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் நிறம் போய்விட்டது.’

கொண்டேன். அந்த வார்த்தையில் அவள் நான்கு மாதம் உட்கார்ந்தாள். அந்த வாக்கியம் ஒன்று மட்டும் மையில் எழுதியிருந்தது, அந்த வார்த்தையின்மேல் ஏதோ குண்டூசி குத்தி வைத்துத் துருப் பிடித்து, நடு எழுத்துகளைத் தின்றிருந்தது. ‘கொ’ தெரிந்தது, ‘டென’ மாதிரி ஏதோ தெரிந்தது. கானமயிலைக் கொண்டேன் என்றால் என்ன? ஒரு நாள் குளிக்கும்போது பளிச்சென்று வந்தது: கண்ணால் கொண்டேன், மனசில் வாங்கிக்கொண்டேன். பறவை சிறகைத் தூக்கினபோது அந்த நிறத்தைப் பார்த்துவிட்டார், அதைத்தான் அப்படிச் சொல்கிறார்! ஈரத்தலையோடு வந்து அடிக்குறிப்பு எழுதினாள். லூர்துநாதன் அதை வாசித்துவிட்டு போனில் ‘அம்மா, அம்மா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய முன்னுரை முழுக்க அந்த அடிக்குறிப்பின்மேல்தான் நிற்கிறது. மற்றவர்களெல்லாம் சுட்டுத் தோலுரித்துப் பஞ்சடைத்து அறிவியல் செய்த காலத்தில், ஒரு ரயில்வேக்காரர் கண்ணால் மட்டும் கொண்டார். அதுவே தலைப்பும் ஆனது. அவள் கண்டுபிடித்த சொல் அட்டையில் ஏறியது. மத்தியான வெயிலில் சைக்கிளில் போகிறவன்கூட அந்த அட்டையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்பான் என்று அவளுக்குத் தோன்றும். சரி, இந்த வால் என்ன வால்? அவள் புரூப்பைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். துருவுக்குக் கீழே, அடுத்த வரியில் ‘அடியில்’ என்ற வார்த்தையின் யி-க்கு மேல் ஒரு சிறு வளைவு. பன்னிரண்டு வருஷமாக அதை யி-யின் மேல்விலங்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் இப்போது நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. மேல்விலங்கு தனியாக இருந்தது, வளைவு தனியாக இருந்தது. வளைவு பென்சில் இல்லை, மை. மேல்வரியிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. மேல்வரியில், துருவுக்குள் இருக்கிற எழுத்திலிருந்து. ட-வுக்குக் கீழே இறங்குகிற வால் கிடையாது. தமிழில் அந்த இடத்தில், வரியை விட்டுக் கீழே இறங்கி வளைகிற வால் ற-வுக்குத்தான் உண்டு.

பிள்ளையின் ற அவளுக்குத் தெரியும். அந்த ஆறு குறிப்பேட்டிலும் எங்கே வந்தாலும், ரயில் அவசரத்தில்கூட, வாலை இழுத்து விடாமல் அவர் ற எழுதினதில்லை. அவள் வலது கண்ணை மூடினாள், புதுக் கண்ணால் பார்த்தாள். அதை மூடிவிட்டுப் பழைய கண்ணால் பார்த்தாள். பழைய கண்ணில் வளைவே இல்லை, வெறும் மஞ்சள் மூட்டம். அப்படியானால் மூன்று சுழி ண இல்லை, இரண்டு சுழி ன. கொனறென. புள்ளி வைத்தால், கொம்பை நீட்டினால், கொன்றேன். மிஷின் ஏதோ கல்யாணப் பத்திரிகையைத் தடதடவென்று துப்பிக்கொண்டிருந்தது, மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை, யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், அதில் ஆடை படர்வதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு ஆண் கானமயிலைக் கொன்றேன். இல்லை. வேறு ஏதாவது இருக்கும், மை சொட்டியிருக்கும், அடுத்த பக்கத்து மை ஒட்டியிருக்கும். முந்தின நாள் குறிப்பு என்ன? மார்ச் மூன்று: ‘டிரைவர் வில்சனிடம் கேட்டு வாங்கினேன். நாளைக்கே திருப்பித் தரவேண்டும்.’ எதை வாங்கினார் என்று அவர் எழுதவில்லை. அவள்தான் பகர அடைப்பு போட்டுத் தூரக்கண்ணாடி என்று எழுதினாள்! யார் சொன்னார்கள் தூரக்கண்ணாடியென்று? எஞ்சின் டிரைவரிடம் தூரக்கண்ணாடி எதற்கு? அந்த வில்சன் ஞாயிற்றுக்கிழமைகளில் முயல் அடிக்கப் போவார் என்று இரண்டாம் குறிப்பேட்டில் பிள்ளையே எழுதியிருக்கிறாரே, அதையும் அவள்தானே வாசித்தாள்! ரோஜா நிறம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது என்றால் வெயில் இறங்கிவிட்டது என்று நினைத்தாள். வெயில் இல்லை. பறவை செத்தபிறகு அந்த நிறம் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம்வரை, ஸ்டேஷனில் கொடி காட்டிவிட்டு வந்து வந்து பார்த்திருக்கிறார். அப்புறம் பதினான்கு மாதம் குறிப்பேட்டில் ஒரு பறவை கிடையாது, ஒரு படம் கிடையாது. பாசஞ்சர் சரியான நேரம், கூட்ஸ் இருபது நிமிஷம் தாமதம், பாசஞ்சர் சரியான நேரம். மலேரியா வந்திருக்கலாம் என்று முன்னுரையில் லூர்துநாதன் எழுதியிருக்கிறார், பாவம். பதினைந்தாவது மாதம் ஒரு கரிச்சான் குருவி வருகிறது. ‘தந்திக் கம்பியில் கரிச்சான். பார்த்தேன், அவ்வளவுதான்.’ அன்றிலிருந்து கடைசிவரை எல்லாக் குறிப்புக்கும் அதுதான் முடிவு, பார்த்தேன் அவ்வளவுதான், பார்த்தேன் அவ்வளவுதான். நடை அழகு என்று அவள் நினைத்திருந்தாள். பிள்ளைக்கு வயசாகி நடை கனிந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் பேசிக்கூட இருக்கிறாள், கைதட்டினார்கள்.

அவள் பயந்தாள். பறவைக்காக இல்லை, பிள்ளைக்காகவும் இல்லை, முதலில் தனக்காகத்தான். இது தப்பென்றால் வேறு எதெல்லாம் தப்பு? ஆறு குறிப்பேட்டில் எத்தனை கொண்டேன், எத்தனை ட, எத்தனை ற? கோர்ட்டில் வாசித்தாளே, நீங்கலாக என்று, அது நீங்கலாகத்தானா? கிணறு யாருக்குப் போயிற்று? அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, அதுகூடத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் அவள் வாசித்ததை நம்பி எத்தனை பேர் வேலி போட்டிருப்பார்கள்? நிறுத்து, நிறுத்து என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்தப் பத்திரத்தில் துரு இல்லை, அந்தக் கண்ணில் புரை இல்லை. இது ஒன்று. இதை நீ கண்டுபிடித்தாய். வேறு யாரும் வந்து உன் தப்பைச் சொல்லவில்லை. நூறு வருஷமாகத் துருவுக்குள் கிடந்த ஒரு வாலைப் பார்த்தது உன் கண்தான். இப்படி நினைத்ததும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. வெட்கங்கெட்ட பெருமை, இந்த நேரத்திலும் வருகிறது பார். வந்தால் வரட்டும். போனை எடுத்தாள்.

“சார், கடைசி பாரத்துல ஒரு வார்த்தை மாத்தணும்.”

“எழுத்துப்பிழையா? மாத்திடுங்கம்மா, இதுக்கெல்லாம் எங்கிட்டக் கேக்கணுமா?” லூர்துநாதன் விழா மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்களோடு கத்திக்கொண்டிருந்தார்.

“எழுத்துப்பிழை இல்ல சார். வாசிப்புப் பிழை. என்னோட பிழை. கானமயில் குறிப்புல அது கொண்டேன் இல்ல. கொன்றேன்.”

 அவள் வால், மை, வில்சன், பதினான்கு மாதம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே இன்னும் உறுதியாயிற்று. “கானமயிலுக்கு இறகடியில ரோஜா நிறம் உண்டும்மா” என்றார் அவர் கடைசியில், குரல் இறங்கி. “வெயில் பட்டா வெளுத்துடும். அது உயிரோட இருக்கறப்ப தூரத்திலேருந்து தெரியாது. எனக்கே தோணியிருக்கணும். நான் விலங்கியல் படிச்சவன். உங்க அடிக்குறிப்பு அவ்வளவு அழகா இருந்துச்சு, நான் யோசிக்கவே இல்ல.” பிறகு சட்டென்று குரல் மாறியது. “அட்டை அச்சாயிடுச்சும்மா. முன்னுரை அச்சாயிடுச்சு. நாளைக்கு மேடையில மங்களவல்லி அம்மா முதல் பிரதி வாங்கறாங்க. எண்பத்து நாலு வயசு. அவங்க தாத்தா ஒரு ஈயைக்கூடக் கொல்லாதவர்னு நான் பேசப்போறேன். இந்த நேரத்துல ஒரு துருப்புள்ளிக்காக…” கொஞ்சம் நிறுத்தி, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: “உங்களத் தவிர இந்த நாட்டுல யாருக்கும்மா அந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரியும்?”

எத்தனையோ பேர் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள், ஜட்ஜ் புகழ்ந்திருக்கிறார். ஆனால் இதைவிடப் பெரிய புகழ் அவளுக்குக் கிடைத்ததில்லை. உடம்பு முழுக்க அது இறங்கியது. இறங்கினவுடனே பாரமாக உட்கார்ந்தது. “அதனாலதான் சார் மாத்தணும்” என்றாள். “வேற யாருக்காவது தெரியும்னா, அவங்க பின்னாடி வந்து மாத்துவாங்கன்னு விட்டுடலாம்.”

அவர் பெருமூச்சு விட்டார். “மங்களவல்லி அம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“அவங்க சரின்னா எனக்கும் சரி. வேண்டாம்னா?”

“கேட்டுட்டு சொல்றேன் சார்” என்று வைத்துவிட்டாள். ஆனால் வேண்டாமென்றால் என்ன செய்வாள் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது, அது தெரிந்ததில் கொஞ்சம் பயமும் இருந்தது. அந்த அம்மாள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள். குறிப்பேட்டை எடுத்துக் கொடுக்கும்போது அந்த அம்மாள் இரண்டு கையாலும் கொடுப்பாள், கோவில் பிரசாதம் மாதிரி. அவள் எழுந்து கம்ப்யூட்டரில் இருந்த ரோஸ்லினிடம் போனாள். ஹமீது பாய் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார். “என்னக்கா, பெரிய தப்பா?” என்றார். “ரெண்டே எழுத்துதான் பாய்” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டெழுத்துக்கு யாருக்கும் இப்படி வேர்க்காதே” என்றார். நூற்று எண்பத்தொன்றில் தூரக்கண்ணாடியை எடுக்கச் சொன்னாள். நூற்று எண்பத்து மூன்றில் ண் போய் ன் வந்தது, டே போய் றே வந்தது. அவ்வளவுதான், திரையில் ஒரு வினாடி வேலை, ஒரு ஆண் பறவை செத்தது. பழைய அடிக்குறிப்பு ஐந்து வரி. புதுசும் ஐந்து வரிக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் தள்ளும். நின்றுகொண்டே சொன்னாள், ரோஸ்லின் அடித்தாள்: இச்சொல்லைக் கொண்டேன் என்று பல ஆண்டுகள் தவறாக வாசித்திருந்தேன்; நூலின் தலைப்பும் முன்னுரையும் அந்தத் தவற்றிலிருந்து வந்தவை. முந்திய நாள் வில்சனிடம் வாங்கியது துப்பாக்கியாக இருக்கலாம். இவ்வாக்கியத்தை மட்டும் பிள்ளை மையில் எழுதியிருக்கிறார். கடைசி வாக்கியத்தைச் சொன்னபோதுதான் அவளுக்கே அது உறைத்தது. இருபத்தைந்து வருஷம் பென்சில். அழிக்கலாம், மழையில் போகும், தேய்ந்துபோகும். இந்த ஒன்றை மட்டும் எழுந்துபோய், டிக்கெட் மேஜையிலிருந்த மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து எழுதியிருக்கிறார். யாரும் பார்க்காத பொட்டல், யாரும் கேட்காத பறவை. எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? வில்சனுக்கே தெரிந்திருக்காது, முயல் என்று நினைத்திருப்பார். மனுஷன் எழுதினார். படக்காரன் பொய் சொல்லவில்லை என்று எழுதினவர் தானும் சொல்லவில்லை. அட, பிள்ளை! அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. காலையில் அவள் பெருமைப்பட்ட மனுஷர் வேறு, இவர் வேறு. இவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அந்தத் தைரியம் தனக்கு இருக்கிறது என்று பார்த்தபோது, காலையில் வந்ததைவிட நிதானமான ஒரு நிமிர்வு வந்தது.

மங்களவல்லி அம்மாளுக்குக் காது மந்தம். நேரில் பேசினாலே இரண்டு தடவை சொல்ல வேண்டும். போனில் கத்தத்தான் வேண்டும். தையல்நாயகி வாசலுக்கு வந்தாள். அங்கே பஸ் சத்தம், உள்ளே மிஷின் சத்தம்.

“அம்மா, நான் தையல்நாயகி பேசறேன்!”

“சொல்லும்மா. நாளைக்கு எந்தப் புடவை கட்டறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். மாம்பழக் கலர் நல்லாருக்குமா?”

“நல்லாருக்கும்மா! அம்மா, அந்தக் கானமயில் இருக்குல்ல, உங்க தாத்தா எழுதினது, அதை நான் தப்பா வாசிச்சுட்டேன்!”

“என்ன? சத்தமாச் சொல்லும்மா.”

“தப்பா வாசிச்சுட்டேன்! அவர் அதை வெறுமனே பார்க்கலை! கொன்னுட்டார்!”

“எதைக் கொண்டாந்தார்?”

ஹமீது பாய் உள்ளே ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும். மிஷின் நின்றது. நின்ற அந்த நொடியில் அவள் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தாள். “உங்க தாத்தா அந்தப் பறவையைக் கொன்னுட்டார்மா! துப்பாக்கியால! அந்த ரோஜா நிறம் நிஜமான்னு பார்க்கறதுக்காக! அவரே எழுதியிருக்கார்!” அச்சகம் முழுக்கக் கேட்டது. ரோஸ்லின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.  போனில் அந்த அம்மாளின் மூச்சு வந்தது, பழைய மின்விசிறி சுற்றுகிற டக்டக் வந்தது. அழுகிறாளா? உட்காரப் பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா? யாராவது கூட இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும், என்ன அவசரம் எனக்கு, என் கண்ணின் பெருமையைக் காட்டுகிற அவசரம். பிறகு நடக்கிற சத்தம் கேட்டது. செருப்புப் போடாத வயசான கால் தரையில் மெதுவாக இழுபடுகிற சத்தம், கூடத்தைத் தாண்டி, உள்ளறைக்கு.

“அம்மா, இருக்கீங்களா?”

“இருக்கேன்.” அந்தக் குரலில் ஈரம் இல்லை. “நாப்பத்தொண்ணாம் படத்துக்கு முன்னாடி நிக்கறேன். ஏம்மா, அவர் பார்த்தாரே, இந்தப் படம் சரியா இருந்துதாமா?”

 இவள் அவருடைய பேத்திதான் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. “சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுதியிருக்கார்!” என்று கத்தினாள். “பறவையில அந்த நிறம் சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சாம்!”

“இதுல போகலை” என்றாள் மங்களவல்லி அம்மாள்.  “நாளைக்கு இதையும் எடுத்துட்டு வரேன். வண்டியில மடியில வெச்சுக்கறேன். மேடையில வெச்சு, என்ன விலையில அவருக்கு அது தெரிஞ்சுதுன்னு சொல்லணும். அந்தப் பேராசிரியர் வேண்டாம், நீ சொல்லு.”

“சரிம்மா.”

“எழுதினதை எழுதினபடி போடு.”

அவள் உள்ளே வந்தாள். ரோஸ்லின் திருத்தின பக்கங்களைப் புதுசாக அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது. தையல்நாயகி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, ன-வும் ற-வும் வந்த இடத்தில் விரலைக் கொஞ்சம் நிறுத்தி, கடைசிவரை வாசித்தாள். ஹமீது பாய் பேனாவை நீட்டினார். அவள் ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் புள்ளி ஒன்று விடாமல் எழுதினாள்.